எதிர்ப்பின் எல்லை

மார்க்கத்திற்கு முரணானது என்று நாம் உறுதியாக நம்பும் ஒரு கொள்கையை எதிர்க்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், எதுவரை உண்டு? குடவாசலில் மஃரிபுக்குப் பிந்திய பாடம் முடிந்த ஒரு நாள், மாணவர் சிலர் நம்மிடம் இவ்வினாவை எழுப்பினர். அஹ்மதியாக்களைக் குறித்தே அவர்கள் கேட்டனர்.

நபித்துவம் நாயகம் (ஸல்) அவர்களோடு நிறைவுற்றது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. அதனை ஏட்டிலும் மேடையிலும் எடுத்துரைக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு இடமளிக்கிறது. அவர்கள் தம் நம்பிக்கைப்படி ஒழுக 25ஆவது பிரிவு இடமளிக்கிறது. இவ்விரு உரிமைகளுக்கும் இடையே வரப்பாக நிற்பது தண்டனைச் சட்டம். வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பதும், அடக்கத்தலத்தில் அத்துமீறி மையித்தை அவமதிப்பதும், தீய உள்நோக்கத்தோடு பிறர் சமயத்தை இழித்துரைப்பதும் குற்றங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 296, 297, 295-அ என்றிருந்த இப்பிரிவுகள், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 300, 301, 299 என்று எண் மாறியுள்ளன.

இவற்றுள் 295-அ பிறந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு நூலை வெளியிட்டவரை 1927இல் லாகூர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. முஸ்லிம்களின் உள்ளம் கொதித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டில் இப்பிரிவு இயற்றப்பட்டது. நம் புண்ணுக்கு மருந்தாக வந்த சட்டம், நம் நாவையும் கட்டுவதே நீதி.

மற்றொரு வழக்கு. காசியில் ஒரு பள்ளிவாசலில் சிலர் தொழுகையில் ‘ஆமீன்’ என்று உரக்கக் கூறினர். மெதுவாகக் கூறுவோர் அவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றினர். 1885இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் அவ்வழக்கை ஆய்ந்த நீதிபதி சையது மஹ்மூத், தொழுகையில் நேர்மையான நம்பிக்கையோடு அவ்வாறு கூறுவது குற்றமாகாது என்று ஃபிக்ஹு நூல்களைக் கொண்டே விளக்கினார். இன்று நம் வட்டாரத்தில் உரக்கக் கூறும் ஷாஃபியும் மெதுவாகக் கூறும் ஹனஃபியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கின்றனர். எண்ணிக்கையில் குறைந்தவரின் தொழுகையைக் காத்த சட்டம் ஒருநாள் நம் தொழுகையையும் காக்கும் என்பதை மறக்கலாகாது.

அந்த வழக்கும் இந்த விவகாரமும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஆகா. அது கிளைப் பிரச்சினை. இது அகீதாவின் வேர். ஆயினும் வேர்ப் பிரச்சினையிலும் கைக்கு எல்லை உண்டு.

2009இல் சென்னை இராயப்பேட்டை மையவாடியில் அடக்கப்பட்ட ஓர் அஹ்மதியாப் பெண்ணின் உடல், எதிர்ப்பு எழுந்த பின் தோண்டி எடுக்கப்பட்டது. வக்ஃபு நிலத்தில் யாரை அடக்கலாம் என்பது ஜமாஅத்தும் நீதிமன்றமும் ஆராய வேண்டிய வினா. ஆனால் மண் மூடிய பின் கப்றைத் திறப்பதைத் தக்க அவசியமின்றி நம் ஃபுகஹாக்கள் அனுமதிப்பதில்லை. ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள்; தோழர்கள் அதனைச் சுட்டிக்காட்டியபோது, அதுவும் ஓர் உயிரன்றோ என்று வினவினார்கள். அந்த யூதரின் கொள்கையை அவர்கள் ஏற்றதாக எவரும் கருதவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு நாம் இதையே கூறினோம்: கொள்கையை மறுப்பீர், அதற்கு முன் அதைக் கற்பீர். அவர்தம் வாசலை மறிக்காதீர், கடையைப் புறக்கணிக்கத் தூண்டாதீர், இறந்தோரைத் தொடாதீர். சட்டம் தடுப்பதனால் மட்டும் நின்றுவிடுவது அச்சம். சட்டம் காணாத இடத்திலும் நிற்பதே தக்வா.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நேர்வழி காட்டுவானாக. ஆமீன்.