கேட்கப் போதலும் போகாமையும்

என் நூலடுக்கின் கீழ்த்தட்டில் இரண்டு அட்டைப் பெட்டிகள் உள்ளன. ஒன்றில் ஒலிநாடாக்கள், மற்றொன்றில் நாற்பது ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்த இசையரங்க நுழைவுச் சீட்டுகள். சென்ற பள்ளி விடுமுறையில், என்னிடம் இலக்கணம் கேட்க வரும் மாணவி ஒருத்தி அந்தச் சீட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினாள். பெரும்பாலானவை ஓரம் கிழிக்கப்பட்டவை. வாயிலில் நிற்பவர் ஒரு பகுதியைக் கிழித்துக்கொண்டு எஞ்சியதைக் கையில் தருவார் அல்லவா, அவை. பதினொரு சீட்டுகள் மட்டும் முழுமையாக இருந்தன. "இவை ஏன் ஐயா கிழியவில்லை?" என்றாள். "அவற்றுக்கு நான் போகவில்லை, அம்மா" என்றேன். "போகாத கச்சேரிக்கு உரிய சீட்டை எதற்கு ஐயா வைத்திருக்கிறீர்கள்?" என்று அவள் அடுத்துக் கேட்டபோது எனக்கு விடை வரவில்லை. அவள் வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விட்டுத் திரும்பவில்லை.

ஒருவன் ஓர் இசையரங்குக்குப் போகாமல் இருந்துவிட்டால், அவன் எவருக்கேனும் கடன்பட்டவன் ஆகின்றானா? கேட்ட அளவில் நகைப்புக்கு இடமான வினாவாகவே இது தோன்றும். பொய்யும் களவும் வஞ்சனையும் மலிந்த உலகில், கச்சேரிக்குப் போகாமையையும் ஒரு குற்றமாக எண்ணி ஆராய்வது ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கே உரிய வேலை என்று நண்பர்கள் கூறலாம். ஆயினும் சிறிய செயல்களில்தான் நம் மனம் தன்னை மறைத்துக்கொள்ள மறந்துவிடுகிறது. ஆகவே சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

போகாமையால் இழப்பே இல்லை என்று வாதிட்டவர்கள் எளியவர்கள் அல்லர். கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்டு, 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாசித்தபின், மக்கள் முன் மேடையேறுவதையே கைவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. 1982இல் மறையும் வரையில் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தம் கலையை வளர்த்தார். பொது இசையரங்கம் என்பதே இன்னும் ஒரு நூற்றாண்டில் இல்லாமற் போகும் என்றும் அவர் எழுதினார். மேடையில் ஒருமுறை தவறினால் தவறியதுதான். பதிவுக் கூடத்திலோ மனநிறைவு வரும்வரை திரும்ப வாசிக்கலாம். கேட்பவனும் விரும்பிய நேரத்தில், விரும்பிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம். இருமுபவர் இல்லை, முன் வரிசையில் உயரமான தலை இல்லை. அவர் வாதத்தை முதன்முதல் படித்தபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்னர்தான் தோன்றியது. அவர் வாசித்தது பெரும்பாலும் ஏட்டில் எழுதி முடிக்கப்பட்ட இசை. நம் இசையில் கீர்த்தனம் முன்பே அமைந்தது. ஆனால் இராக ஆலாபனையும் கற்பனைச் சுரமும் அந்த மாலையில், அந்த மேடையில் பிறப்பவை. பாடகர் வாய் திறக்கும்வரை அன்றைய காம்போதி உலகில் எங்கும் இல்லை. பதிவு என்பதும் வெறும் படியெடுத்தல் அன்று. 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிய காலந்தொட்டு நெடுங்காலம், தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலேதான் இடம் கிடைத்தது. ஒரு மணி நேரம் விரிய வேண்டிய இராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்துக் கொடுத்தார்கள் நம் பெரியோர். 1948இல் நெடுநேர இசைத்தட்டும் 1963இல் ஒலிநாடாப் பேழையும் வந்தபின்னரே நம் இசைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மிகவும் போற்றும் ஒலிநாடாக்கள் பதிவுக் கூடத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. கச்சேரியில் யாரோ ஓர் அன்பர் கருவியைத் தூக்கிச் சென்று எடுத்தவை; கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தவை. உற்றுக் கேட்டால் அவற்றில் பாடகர் மட்டும் இல்லை. தொடையில் தாளம் தட்டும் ஓசை, 'பலே' என்னும் ஒரு குரல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை எல்லாம் உள்ளன. அந்தப் 'பலே'யைக் கேட்டபின் பாடகரின் குரல் மேலும் ஒரு படி ஏறுவதையும் கேட்கலாம். போனவர்கள் இருந்ததால்தான் அந்தப் பாட்டு அப்படி அமைந்தது. போகாத நான், அவர்கள் போனதன் பயனை நாற்காலியில் சாய்ந்தபடி நுகர்கிறேன். எல்லாரும் என்னைப் போலவே வீட்டில் இருந்திருந்தால் நான் கேட்பதற்கு எதுவும் எஞ்சியிராது.

ஆனால் என் மனத்தை உறுத்துவது பதினொரு சீட்டுகளில் எதுவும் அன்று. அவற்றுள் சில மழையாலும், சில தேர்வுத்தாள் திருத்தும் பணியாலும், ஒன்று ஒரு சாவு வீட்டாலும் நேர்ந்தவை. அவற்றை மன்னிக்க நானே போதும். உறுத்துவது சீட்டே இல்லாத ஒரு கச்சேரி.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், நான் குடியிருந்த ஊர்க் கோயிலுக்குத் தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு நாகசுரக் கலைஞர் ஒப்பந்தத்தில் வந்திருந்தார். நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இன்றும் இதுதான் வழக்கம். பூசை நேரத்தில் வாசிப்பார், மணி அடிக்கும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், மக்கள் திருநீறு வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடுவார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்களோ 'மேளக்காரர்' என்றே குறிப்பிட்டோம். நான் ஓரிருமுறை தூணருகே நின்று கேட்டதை அவர் கவனித்திருக்கிறார். திருவிழாவின்போது ஒரு மாலையில் என்னிடம் வந்து, "வாத்தியாரய்யா, நாளைக்கு ராத்திரி சாமி புறப்பாடு முடிஞ்சதும் தோடி வாசிக்கலாம்னு இருக்கேன். வந்து கொஞ்சம் உட்காருங்க" என்றார். "பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் இரவு நான் போகவில்லை. அன்று தூறல் விழுந்தது உண்மை. திருத்த வேண்டிய தாள்கள் மேசைமேல் கிடந்ததும் உண்மை. ஆயினும் இவை பிறருக்குச் சொல்லும் காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி என் பெட்டியில் ஒலிநாடாவாக இருந்தது. தோடி என்றாலே அவர் பெயர் நினைவுக்கு வரும். அது கையில் இருக்க, இவர் தோடியைக் கேட்க மழையில் நனைந்து போவானேன் என்று எண்ணினேன். எண்ணியது மட்டும் அன்று. அன்றிரவு அந்த நாடாவைப் போட்டுக் கேட்கவும் செய்தேன். உயர்ந்ததைத் தேர்ந்த நிறைவோடு உறங்கினேன்.

மறுநாள் காலை கோயில் எழுத்தர் சொன்னார்: முன்னால் விரித்த பாயில் நாலைந்து கிழவர்களும் தூங்கி விழுந்த இரு சிறுவர்களும் இருந்தார்களாம். வாசிக்கும்போதே இரண்டு மூன்று முறை வாயிற்புறம் பார்த்தாராம். இருபது நிமிடம் வாசித்துவிட்டுச் சீவாளியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டாராம். அதன்பின் என்னைக் கண்ட போதெல்லாம் வழக்கம்போல் வணக்கம் சொன்னார். அதுபற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. சில மாதங்களில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார்.

நான் வாக்குத் தவறவில்லை. 'பார்ப்போம்' என்பது வாக்கு ஆகாது. பொருள் இழப்பும் அவருக்கு இல்லை. கோயில் சம்பளம் தந்தது. பின் எங்கே தவறு? நெடுநாள் எண்ணிப் பார்த்ததில் எனக்குப் புலப்பட்டது இது. நான் தோடியை ஒரு பண்டமாக மதித்துவிட்டேன். சிறந்த பண்டம் வீட்டில் இருக்க, இரண்டாந்தரப் பண்டத்துக்குக் கடைத்தெருவுக்கு யார் போவார் என்னும் கணக்கு அது. ஆனால் அவர் என்னிடம் பண்டம் விற்க வரவில்லை, கேட்கச் சொன்னார். இசைத்தட்டு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. இராசரத்தினம் பிள்ளைக்கு அன்று என் செவியால் ஆவது ஒன்றும் இல்லை. பாயில் அமர்ந்து கோயில் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆவது இருந்தது.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்களைப் பாடம் சொல்லும் போதெல்லாம் பாணரும் பொருநரும் கூத்தரும் நடந்த நடையை மாணவர்க்கு விளக்குகிறோம். வள்ளலின் சோறும் பொன்னும் தேரும் நம் கண்ணை நிறைக்கின்றன. அவன் அமர்ந்து கேட்டான் என்பதை நாம் கொடையாக எண்ணுவதே இல்லை. யாழைச் சுமந்து காடும் மலையும் கடந்து வந்தவனுக்குப் பசி ஒன்றுதானா இருந்திருக்கும்?

இவ்வளவும் சொன்னபின், கச்சேரிக்குப் போவதே நன்று என்று முடித்துவிடலாம். முடிக்க இயலாதபடி இன்னொரு நிகழ்ச்சி குறுக்கே நிற்கிறது. இதற்குரிய சீட்டு கிழிந்த சீட்டுகளுள் இருக்கிறது.

என் தாயார் பத்து நாள் மருத்துவமனையில் இருந்து கிள்ளான் வீட்டுக்குத் திரும்பும் நாளில், கோலாலம்பூரில் ஒரு முதுபெரும் பாடகரின் கச்சேரி அமைந்தது. முதுமையின் காரணமாக அவர் இனி இந்நாட்டுக்கு வரமாட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டனர். தாயாரை அழைத்துவர நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். தம்பியை அனுப்பிவிட்டுக் கச்சேரிக்குப் போனேன். அன்று அவர் பாடிய காம்போதியைப் பற்றி எழுத என் தமிழ் போதாது. வழக்கமாகக் கிள்ளானுக்குரிய கடைசிப் பேருந்தைப் பிடிக்கத் தனியாவர்த்தனத்தின்போதே எழுந்து ஓடுகிறவன் நான். (மிருதங்கக் கலைஞர் வாசிக்கத் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகும் கூட்டத்தை நாம் எல்லா ஊர்களிலும் கண்டிருக்கிறோம். அவர் முகத்தை அப்போது பார்த்தவர் சிலரே.) அன்று எழவில்லை. மங்களம் பாடும்வரை இருந்து, நண்பர் ஒருவரின் வண்டியில் நள்ளிரவுக்குச் சற்று முன் வீடு சேர்ந்தேன்.

தாயார் விழித்திருந்தார். "நல்லாப் பாடினாராப்பா?" என்றார். "ரொம்ப நல்லாம்மா" என்றேன். "சரி, சாப்பிட்டுப் படு" என்றார். அவ்வளவுதான். அதன்பின் நான்காண்டு நலமாகவே வாழ்ந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான், ஏதோ பேச்சின் நடுவே தம்பி சொன்னான்: "ஆஸ்பத்திரி வாசல்ல மூணு தடவை கேட்டாங்கண்ணே, பெரியவன் வரலையான்னு."

பெர்னார்டு வில்லியம்சு என்னும் ஆங்கிலேய மெய்யியலார், ஒழுக்கத்தில் நற்பேற்றின் பங்கைப் பற்றி 1976இல் வெளியான ஒரு கட்டுரையில், ஓவியர் கோகேனை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு வினாவை எழுப்பினார். மனைவி மக்களை விட்டுத் தீவுக்குப் போய் ஓவியம் தீட்டியவன் பெரும் ஓவியனாக வெற்றி பெற்றால், அவன் பிரிந்து சென்றது ஒருவகையில் நியாயமாகிவிடுகிறதா, தோற்றால் இல்லையா? இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. நான் கோகேன் அல்லன், எதையும் படைத்தவன் அல்லன், வெறுமனே கேட்டவன். உலகுக்கு நான் விட்டுச்செல்லும் படம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று அப்பாடகர் குரல் கம்மிப் போய் மோசமாகப் பாடியிருந்தால் என் குற்ற உணர்வு இருமடங்காகியிருக்கும் என்பதை நான் அறிவேன். தாயார் மருத்துவமனை வாயிலில் நின்ற நிலை ஒன்றே. காம்போதி நன்றாக அமைந்ததால் அது எப்படிக் குறையும்? குறையாது என்று அறிவு சொல்கிறது. அந்தக் காம்போதியைக் கேளாமல் இருந்திருக்கலாம் என்று விரும்பிப் பார்க்கிறேன், விரும்ப முடியவில்லை. தம்பி சொன்னதையும் மறக்க முடியவில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. இருபதாண்டாக அப்படியே இருக்கின்றன.

2020ஆம் ஆண்டு, போகலாமா வேண்டாமா என்னும் தொல்லையே நமக்கு இல்லாமற் போயிற்று. மார்ச்சு 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டில் அரங்குகள் அடைபட்டன; கோயில் மேளமும் அடங்கியது. அவ்வாண்டு மார்கழியில் சென்னை இசைவிழாக்கள் பலவும் திரைவழியே வந்தன. என் வீட்டுக் கூடத்தில், முதல் வரிசையிலும் எவர்க்கும் கிடைக்காத அண்மையில் அமர்ந்து கேட்டேன். ஒலி துல்லியமாக இருந்தது. ஒரு பாடகி நீண்ட கீர்த்தனத்தை முடித்தார். பக்கவாத்தியம் நின்றது. கைதட்டல் வரவில்லை, வருவதற்கு ஆள் இல்லை. அவர் கணநேரம் வெற்றரங்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து சுருதியைச் சரிபார்த்தார். நான் என்னையறியாமல் தனியே கைதட்டினேன். அடுக்களையிலிருந்து என் மனைவி, "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

வாயிற்புறம் பார்த்த நாகசுரக் கலைஞரின் நினைவு அன்று வந்தது. நன்றாக வாசித்தாரா, சுமாராக வாசித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்த ஓர் இரவில் மட்டும்தான் இருந்தது. இராசரத்தினம் பிள்ளையின் தோடியை அதற்குப் பின் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அந்த நாடாவும் ஓரிடத்தில் தேய்ந்து இழுக்கத் தொடங்கிவிட்டது.

சென்ற வாரம் அம்மாணவி மீண்டும் வந்தாள். பாடம் முடிந்ததும், கிழியாத சீட்டுகளில் இரண்டு தனக்கு வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். தொல்காப்பியத்தில் பக்க அடையாளம் வைக்கவாம். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவற்றுள் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "இன்றைக்கு யார் பாடினார் ஐயா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். நாளும் நேரமும் 'வரிசை ஈ, இருக்கை 14' என்பதும் இருந்தன. பெயர் அச்சிடப்படவில்லை, எனக்கும் நினைவில்லை.