தண்டமும் மறுப்பும்

குற்றஞ் செய்தவன் தண்டத்தை ஏற்றல் வேண்டும் என்பதும், குற்றஞ் செய்யாதவன் தண்டிக்கப்படலாகாது என்பதும் யாவரும் ஒப்பும் நீதிகளாம். இவற்றை ஏட்டில் எழுதுதல் எளிது. வீதியோரத்திலே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நம்மை மறித்துத் தண்டப்பத்திரம் எழுதித் தந்தபொழுது, அவ்விரு நீதிகளுள் எதற்கு நாம் உரியவர் எனத் தெளிதல் அத்துணை எளிதன்று. சிறு தொகை பற்றிய சிறு காரியமென்று இதனைத் தள்ளுதலும் தகாது. நம்மிற் பலருக்கு அரசின் நீதியோடு நேர்முகப்படும் இடம் வாழ்நாளில் இஃதொன்றேயாம். ஆதலால் வாய்மை சோதிக்கப்படும் இடமும் இதுவேயாகின்றது.

எமக்கு நேர்ந்ததனையே முதற்கண் கூறுவாம். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பாடசாலை விட்டபின், மோட்டார் சைக்கிளிலே வீடு திரும்பினோம். பாதசாரிக் கடவை ஒன்றைக் கடந்து சிறிது தூரஞ் சென்றதும் மறிக்கப்பட்டோம். கடவையிற் கால்வைத்த முதிய அம்மையார் ஒருவருக்கு இடங்கொடாது சென்றோம் என்பது குற்றச்சாட்டு. கடவையில் ஒருவரும் இருந்திலர் என்றோம். அவர் எம்மைக் கண்டு பின்வாங்கினார் என உத்தியோகத்தர் அமைதியாகச் சொல்லி, எமது சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, தண்டப்பத்திரத்தை எழுதித் தந்தார். எம் மாணாக்கர் சிலர் அதனைப் பார்த்து நின்றனர். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு கற்பித்த எமக்கு அன்றிரவு உறக்கம் வந்திலது.

சட்டத்தின் முறை இதுவாம். இலங்கையிலே இத்தண்டங்கள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்பாற் பட்டன. குறித்த தொகையை 14 நாட்களுள் தபாற்கந்தோரிற் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் மீளும். அதன்பின் 28 நாள் வரையிற் செலுத்துவோன் இருமடங்கு கொடுத்தல் வேண்டும். செலுத்தாதவன் நீதவான் நீதிமன்றத்தில் தோன்றல் வேண்டும். குற்றவாளி என்று அங்கே ஒப்பினால் தண்டம் விதிக்கப்படும். சுற்றவாளி என்றால் விளக்கத்துக்கு வேறு தவணை குறிக்கப்படும். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவும் பாரம் வழக்குத் தொடுத்தவரையே சாரும். 2025ஆம் ஆண்டிலே கைத்தொலைபேசி வழியாகத் தண்டஞ் செலுத்தும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. செலுத்துதல் எளிதாகுந்தோறும், செலுத்துமுன் சிந்தித்தல் அரிதாகின்றது.

மறுநாட் காலையிலே நண்பர் மூவர் எமக்கு மூன்று வழி சொல்லினர். வீதியிலேயே ஒரு நோட்டைக் கொடுத்து முடித்திருக்கலாம் என்றார் ஒருவர். இஃது ஆராயவுந் தக்கதன்று. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி இலஞ்சங் கொடுப்போனும் குற்றவாளியே. சட்டத்தை விடுப்பினும், தன் குற்றத்தை மறைக்கப் பிறனையுங் குற்றவாளியாக்குதல் இழிவினும் இழிவாம். இரண்டாமவர், பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பாரும் என்றார். மூன்றாமவர், சுற்றவாளி என்று சொல்லும், நாளொன்றுக்கு எத்தனையோ பத்திரம் எழுதும் உத்தியோகத்தர் உம்மை நினைவில் வைத்திரார், விளக்கத்துக்கு முன்னரே இடமாற்றம் பெற்றும் போவார் என்றார். இவ்விருவருள் ஒருவர் எது மலிவு என்று பார்த்தார். மற்றவர் எதனை நிறுவமுடியும் என்று பார்த்தார். எது நிகழ்ந்தது என்று இருவரும் பார்த்திலர்.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் இங்கு எம் நினைவுக்கு வந்தது. புத்தூரிலே திருமணப் பந்தரில் முதிய வேதியர் ஒருவர் வந்து, ஓலையொன்றைக் காட்டி, நீ எனக்கு வழிவழி அடிமை என்று சுந்தரரை வழக்கிட்டார். சுந்தரர் வெகுண்டு, அவரைப் பித்தரென்று பழித்து, ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழித்தமையால் வழக்கு முடிந்திலது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் இருவர் சொல்லையுங் கேட்டனர். வேதியர் வைத்திருந்த மூலவோலையை வாங்கினர். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினர். சுந்தரர் தோற்றார் என்றனர். அவரும் அதனை ஏற்றார். இறைவன் திருவிளையாட்டாகிய இதனை வீதித் தண்டத்தோடு ஒப்பிடுதல் மிகையெனின், அன்பர்கள் பொறுத்தருள்க. இதிலிருந்து யாம் கொண்டன மூன்று. மறுத்தல் குற்றமன்று. சினங்கொண்டு கிழித்தல் மறுப்பாகாது. மெய் வெளிப்பட்டபின் ஏற்றுக்கோடல் தாழ்வன்று.

ஆகவே அன்று மாலையில் அதே வேளைக்கு அக்கடவைக்குச் சென்று நின்றோம். அதற்கு அணித்தாகப் பாரவூர்தியொன்று நிறுத்தப்பட்டிருந்தது. கடவையின் இடப்பக்கத் தலைப்பை அது வருவோர் கண்ணுக்கு முற்றும் மறைத்தது. முதல் நாளும் அவ்விடத்தில் ஓர் ஊர்தி நின்றது அப்பொழுதுதான் நினைவில் எழுந்தது. அதன் பின்னிருந்து ஒருவர் இறங்கினால், வேகத்தைக் குறையாது வருவோன் அவரைக் காணான். யாம் வேகத்தைக் குறைத்திலோம். 'ஒருவரும் இருந்திலர்' என்று உத்தியோகத்தருக்குச் சொல்லினோம். 'ஒருவரையும் யாங் காணவில்லை' என்பதே உண்மை. இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பினும் ஒன்றல்ல. மன்றிலே ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உரியது. அவன் அங்கே வலியிலன் ஆதலால் அது நீதியாம். நெஞ்சமாகிய மன்றிலோ நாமே வழக்காளி, நாமே நீதவான். அங்கும் ஐயத்தின் பயனை நமக்கே எடுத்துக்கொள்வோமாயின், நாம் தோற்கும் வழக்கு ஒன்றும் இராது. யாம் தண்டத்தைச் செலுத்தினோம்.

ஆயினும், செலுத்துவதே எப்பொழுதும் அறமென்று கூறோம். எம்மிடம் முன்பு படித்து, இப்பொழுது முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், தொடர்கோட்டைக் கடந்து முந்தினார் என்று தண்டப்பத்திரம் பெற்று எம்மிடம் வந்தார். அவ்விடத்தில் இருந்தது இடைவிட்ட கோடு என்றார். உடன் சென்று பார்த்தோம். அவர் சொல்லியதே மெய். மறுக்கும்படி வற்புறுத்தினோம். செய்யாததைச் செய்தேன் என ஒப்புதலும் பொய்யே; அப்பிழையைத் திருத்தாதுவிடின் நாளை இன்னொருவரும் அவ்விடத்திலே தண்டிக்கப்படுவார் என்றோம். அவர் நிழற்படத்தோடு மூன்று நாள் நீதிமன்றஞ் சென்று விடுவிக்கப்பட்டார். பின்பு எம்மிடம் வந்து, அம்மூன்று நாளும் இழந்த உழைப்பு தண்டத்தினும் பெரிது என்று கணக்குக் காட்டி, "ஐயா, நான் வென்றேனா?" என்று வினாவினார். எம்மிடம் உடனே விடை இருந்திலது. இழப்பிற் பாதியை ஏற்க முன்வந்தோம். அவர் வாங்க மறுத்தார்.

அவ்வினாவைப் பன்னாள் எண்ணினோம். அன்றன்றைய உழைப்பால் அன்றன்று உண்பவன், செய்யாக் குற்றத்துக்குத் தண்டங் கட்டிச் சென்றால் அவனைப் பழித்தற்கு நமக்கு உரிமையில்லை. அவன் ஒப்பியது வறுமையினால். அப்பொய்யின் பெரும்பங்கு மெய்யை அத்துணை விலையுடையதாக்கிய முறையைச் சாரும். மாதச் சம்பளமும் விடுமுறையும் உடையாரோ அங்ஙனஞ் சொல்லித் தப்புதல் இயலாது. பிழையான தண்டத்தை மறுக்குங் கடமை முதலில் அவர்களுடையது. யாம் அவ்விளைஞருக்குக் கூறிய அறிவுரை சரியே. ஆயினும் பிறன் செலவிற் கூறிய அறிவுரை அது என்பதனையும் மறைத்தலாகாது.

இனி, மறுப்போன் மறுக்கும் முறை. வீதியிலே வாதாடற்க, அது மன்றன்று. பத்திரத்திலுள்ள நாள், நேரம், இடம், வாகன இலக்கம், குற்றம் என்பனவற்றைப் பார்த்தல் வேண்டும். வாசிக்க அறியாத மொழியில் எழுதப்பட்டிருப்பின் பொருளை விளக்கும்படி பணிவாகக் கேட்டல் வேண்டும். அன்றே இடத்தை நிழற்படம் எடுத்து, கண்டார் பெயரைக் குறித்துக்கொள்க. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பதினாறாந் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழாதலின், தன் மொழியிலே தன் வழக்கைச் சொல்ல அஞ்சவேண்டுவதில்லை. கண்டதைக் கண்டேன் என்றும், அறியாததை அறியேன் என்றுஞ் சொல்லுக. உத்தியோகத்தர் எங்கு நின்றார், என்ன கண்டார் என்று கேட்கலாம். அவர் நடத்தையைப் பழித்தலாகாது. எழுத்துப்பிழையொன்றைப் பற்றிக்கொண்டு, செய்த குற்றத்தினின்று தப்புதலும் மறுப்பன்று; அது கிழித்த ஓலையே.

வழக்கில் வெல்வோமா என்று எண்ணுமுன், அதைச் செய்தோமா என்று எண்ணுக. செய்திருப்பின் தபாற்கந்தோர் அணித்தே உளது. செய்திராவிடின், இயன்றவர் அஞ்சாது மன்றுக்குச் செல்க. எமது பற்றுச்சீட்டை யாம் இன்னும் எறிந்திலோம். அம்மாலையிற் பார்த்துநின்ற மாணாக்கருள் ஒருவன், ஐயா உண்மையிற் பிழை விட்டீர்களா என்று வகுப்பிலே கேட்டான். விட்டோம் என்றோம்.