முடியாததும் கூடாததும்

‘முடியாது’, ‘கூடாது’ என்னும் இரு சொற்களும் அன்றாடப் பேச்சில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவதுண்டு. ஆயினும் முன்னது ஆற்றலின் எல்லையையும் பின்னது அறத்தின் எல்லையையும் குறிப்பனவாகும். ஒன்றைச் செய்யவே முடியாதவிடத்து, அதனைச் செய்தல் தகுமா என்ற வினாவுக்கு இடமில்லை. முடியும் என்ற நிலை தோன்றிய பின்னரே அவ்வினா எழுகின்றது. நூல்களில் மாத்திரம் கற்றிருந்த இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது பழைய கணினியொன்றின் வன்தட்டேயாகும்.

என் தாய்மாமன் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் காலமாகிச் சில மாதங்களில் அவருடைய கணினி பழுதடைந்தது. திருத்துநர் விண்டோசை மீண்டும் நிறுவியமையால் மாமாவின் கணக்கு அழிந்துபோக, வன்தட்டின் இரண்டாம் பிரிவிலிருந்த கோப்புகளே எஞ்சின. குடும்பப் புகைப்படங்களை மீட்டுத் தருமாறு மாமி என்னிடம் வேண்டினார். கோப்புறையைத் திறக்க முயன்றபோது, அனுமதி இல்லை என்ற அறிவித்தலே திரையில் தோன்றியது.

கணினியில் இடப்படும் பூட்டுகளுள் இருவகையை இங்கு வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். முதலாவது அனுமதிப் பூட்டு. ஒவ்வொரு கோப்புடனும் அதனைப் படித்தற்குரியோர் யாவர் என்ற பட்டியல் ஒன்று வைக்கப்படுகின்றது. இயங்குதளம் அப்பட்டியலைப் பார்த்து உரியோரை அனுமதிக்கும், ஏனையோரைத் தடுக்கும். கோப்பிலுள்ள எழுத்துகளோ தட்டில் உள்ளவாறே கிடக்கின்றன. எனவே நிருவாகி என்ற நிலையில் நின்று கோப்பின் உரித்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவன், சில நிமிடங்களில் அனைத்தையும் படிக்கலாம். இப்பூட்டு ஓர் அறிவித்தற் பலகையை ஒத்தது.

இரண்டாவது மறைகுறிப் பூட்டு. விண்டோஸ் 2000 முதலாக அவ்வியங்குதளத்தின் சில பதிப்புகளில் இடம்பெற்ற இவ்வசதி, கோப்பின் உள்ளடக்கத்தையே உருமாற்றிவிடுகின்றது. அதனை மீட்கும் திறவுகோல் உரியவரின் கணக்கினுள்ளே, அவருடைய கடவுச்சொல்லாற் காக்கப்படுகின்றது. கணக்கு அழிந்தபின், அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் இட்டுப் புதிய கணக்கைத் தொடங்கினும் பயனில்லை. கணினிக்கு அவர் வேறோர் ஆளே. திறவுகோலின் படி எங்கேனும் சேமிக்கப்பட்டிராவிடின், எஞ்சுவது ஊகம் ஒன்றே. 256 இரும இலக்கங்களைக் கொண்ட ஒரு திறவுகோலுக்கு இயலக்கூடிய வடிவங்களின் தொகையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க இன்றுள்ள எந்தக் கணினியாலும் இயலாது.

மாமாவின் வன்தட்டில் இருவகைப் பூட்டுகளும் இருந்தன. புகைப்படங்கள் முதல்வகைப் பூட்டினுள் இருந்தமையால் எளிதிற் கிடைத்தன. அவற்றின் அருகே ‘கடிதங்கள்’ என்ற கோப்புறை ஒன்றும் இருந்தது, அதுவும் திறந்துகொண்டது. இன்னும் பன்னிரண்டு கோப்புகளின் பெயர்கள் பச்சை நிறத்தில் தோன்றின. மறைகுறியிடப்பட்டவற்றை விண்டோஸ் அவ்வாறு காட்டுவது வழக்கம். அவற்றின் பெயர்களை வாசிக்க முடிந்தது. பொருளை வாசிக்க முடியவில்லை.

பச்சைக் கோப்புகளுக்காக இரண்டு இரவுகளைச் செலவிட்டேன். பின்னர் அவற்றைக் கைவிட்டமை என் நற்பண்பினால் அன்று, இயலாமையினாலேயே. கடிதங்களின் முன்னரே என் பண்பு சோதனைக்குள்ளாயிற்று. கேட்கப்படாதிருந்தும் அவற்றுள் ஒன்றைத் திறந்தேன். எங்கள் குடும்பத்தைச் சாராத ஒருவருக்கு எழுதப்பட்ட அக்கடிதத்தில் நான்கு வரிகளைப் படித்த பின்னரே மூடினேன். அந்நான்கு வரிகளை நான் அறியாதவனாதல் இனி இயலாது.

இறந்தவரின் உடைமை யாவும் வாரிசுக்கு உரியனவல்லவோ என்று வினவலாம். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. 2012இல் பேர்லின் நகரில் புகையிரதத்தில் மோதுண்டு இறந்த 15 வயதுச் சிறுமியின் பெற்றோர், நிகழ்ந்தது விபத்தா தற்கொலையா என அறியும் பொருட்டு அவளுடைய முகநூற் கணக்கைப் பார்வையிடக் கோரினர். கடிதங்களும் நாட்குறிப்புகளும் வாரிசைச் சேர்வதுபோல இதுவும் சேரும் என்று ஜேர்மனியின் கூட்டாட்சி உயர்நீதிமன்றம் 2018 ஜூலை 12ஆந் திகதி தீர்ப்பளித்தது. அப்பெற்றோரைத் தூண்டியது வெறும் ஆவலன்று. மகளின் மரணம் பற்றிய வினா. என்னைத் தூண்டியதோ ஆவல் மாத்திரமே. மேலும், சட்டம் உரித்தை வரையறுக்கும். உரித்துடையார் எதைப் படித்தல் தகும் என்பதை அது கூறுவதில்லை.

இன்னொரு வாதம் தமிழ் மாணவரை நேரே தைப்பது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அழியவிருந்த ஏடுகளைத் தேடித் திறந்திராவிடின், கலித்தொகை 1887இல் அச்சேறியிராது. ஆயின் அவ்வேடுகள் கற்போருக்காக எழுதப்பட்டவை. காலமே அவற்றை மூடியது. எழுதியவரே மூடிய ஒன்றைத் திறத்தல் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று.

எழுதியவரின் விருப்பம் வெளிப்படையாக இருந்தவிடத்தும் உலகம் ஒருவழி நிற்கவில்லை. 1924இல் இறந்த பிரான்ஸ் கவ்கா தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுமாறு நண்பர் மக்ஸ் புறோட்டுக்கு எழுதிவைத்தார். புறோட் எரிக்கவில்லை; ‘விசாரணை’ என்ற நாவல் 1925இல் வெளிவந்தது. தாம் அவ்வாறு செய்யப்போவதில்லை என்று நண்பரிடமே முன்னர்க் கூறியிருந்ததாகப் புறோட் விளக்கமளித்தார். 2015இல் மறைந்த ஆங்கில எழுத்தாளர் ரெரி பிராற்செற்றின் விருப்பப்படியோ, முற்றுப்பெறாத அவருடைய படைப்புகளைக் கொண்ட வன்தட்டு 2017 ஓகஸ்ற் 25ஆந் திகதி நீராவி உருளை இயந்திரம் ஒன்றினால் நசுக்கப்பட்டது. புறோட்டினால் உலகம் பெற்றதை நாம் அறிவோம். பிராற்செற்றின் வன்தட்டோடு இழந்ததை அறியோம். பெற்றதன் பெருமையைக் கொண்டு மாத்திரம் நம்பிக்கைத் துரோகத்தை நியாயப்படுத்தினால், இறப்போர் எவருக்கும் வாக்குக் கொடுத்தல் பொருளற்றதாகிவிடும்.

மாமா எதனையும் எழுதிவைக்கவில்லை. எனினும் அவர் இட்ட பூட்டும் ஒருவகை மொழியே. வலிமையற்ற பூட்டும் வலிமையுள்ள பூட்டும் கூறுவது ஒன்றையே. கேட்போரை வற்புறுத்தும் ஆற்றலிலேயே அவை வேறுபடுகின்றன. இரண்டாவது நம் கையைக் கட்டிவிடுகின்றது. முதலாவது நம் மனச்சாட்சியை நம்புகின்றது. எளிதில் உடையும் பூட்டை உடைக்கலாம் என்று கொள்வது, மெலியோரை மதிக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒப்பாகும். ஆகவே மீட்கும் பணியை ஏற்பவன், வேண்டப்பட்டதை மாத்திரம் எடுக்கவும், தற்செயலாய்க் கண்டதை உரியவரிடம் மறையாது கூறவும், மூன்றாமவரின் அந்தரங்கத்தைத் தன் அறிவுக்கு உணவாக்காதிருக்கவும் கடமைப்பட்டவன் என்பது என் துணிபு.

புகைப்படங்களைக் கையளித்தபோது, கடிதங்கள் இருப்பதையும் ஒன்றில் நான்கு வரிகளை நான் படித்ததையும் மாமியிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர், தம்பி, அது கிடக்கட்டும்” என்றார். வன்தட்டு இப்போது மாமியின் அலுமாரியில் இருக்கின்றது. அதனைத் திறக்கும் வழி எனக்குத் தெரியும்.