எண்ணும் நோன்பும்

உடலின் முயற்சியை எண்ணால் குறித்துவைப்பது பழைய வழக்கம். செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் அருகிலுள்ள திருநாதர்குன்றில் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேரும் இரு வரிசையாகச் செதுக்கப்பட்ட பெரும்பாறை இருக்கிறது. அங்குள்ள சுமார் 6-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்கிறது. இன்னொரு கல்வெட்டு இளையபட்டாரகர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது.

இன்று கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குக்கு இறங்குபவர்கள் மணிக்கட்டில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொள்கிறார்கள். எத்தனை அலை, என்ன வேகம், எவ்வளவு இதயத்துடிப்பு என்று அது பதிந்துகொண்டே வருகிறது. ஆனால் ஜிபிஎஸ் சமிக்ஞை தண்ணீருக்குள் இறங்காது. கை மூழ்கும்போதெல்லாம் தடம் அறுபடும். வார் தளர்ந்து தோலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நீர் புகுந்தால், துடிப்பை அளக்கும் பச்சை ஒளியும் தடுமாறும்.

எண் துல்லியமோ இல்லையோ, அது செயலுக்குத் துணையா, செயலின் இடத்தையே பிடித்துக்கொள்கிறதா என்பதே கேள்வி. சமண மரபு இதில் மிகக் கண்டிப்பானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், உண்ணாமல் உயிர்நீக்கும் சல்லேகனை நோன்புக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறது: வாழ ஆசைப்படுதல், சாக ஆசைப்படுதல், நண்பர்மேல் பற்று, பழைய இன்பங்களை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல். நாள் நீள வேண்டும் என்றோ சீக்கிரம் முடிய வேண்டும் என்றோ ஏங்கினாலே நோன்பு கெடும். ஆகவே அந்த நெறிப்படி 57 என்பது நோற்றவரின் இலக்கு ஆகாது. பின்வந்தோர் போற்றுவதற்காகப் பொறித்த எண் அது. கடிகாரத்தின் எண்ணோ அலைகளுக்கு நடுவிலேயே கண்ணில் படுகிறது. அடுத்த அலையை எதற்காகப் பிடிப்பது என்பதையும் அது தீர்மானிக்கத் தொடங்கிவிடும். பயிற்சிக்கு அளவு தேவைதான். அதைக் கரையேறிய பிறகு பார்ப்பதே முறை.