யானையின் வினையும் நம் கடனும்

திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளிற் பெரும்பாரங்களை இன்று பொறிகளே தூக்குகின்றன. பாரஞ் சுமத்தற்கு யானை வேண்டுமென்னுங் காலம் ஆண்டுக் கழிந்தது. வேடிக்கைக்கு யானை வேண்டுமென்னும் எண்ணமோ நம்மவரிடத்து எளிதிற் கழிந்திலது. சர்க்கசுக் கூடாரத்தில் யானை சிறுபீடத்தேறி நின்றதும், பின்னங்கால்களில் உடலை நிறுத்தியதும் இயல்பாய செயல்களல்ல. சங்கிலியும் அங்குசமும் கற்பித்தவை.

1998-ஆம் ஆண்டில் நடுவண் அரசினர் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்பவற்றைப் பயிற்றிக் காட்டுதலைத் தடுத்தனர். 2001-இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நிலைநிறுத்தியது. அப்பட்டியலில் யானை இடம்பெற்றிலது. 2010-இல் தேசிய மரபுரிமை விலங்கென்னும் பெருமை மட்டும் அதற்கு வாய்த்தது.

ஈண்டொரு தடை நிகழும். யானை தன் பிராரத்தத்தை நுகர்கின்றது, நுகர்விப்பவன் இறைவன், அடிப்பவன் கருவியே, அவன்மேற் குற்றமென்னை? எனின், கூறுதும். நோயும் வினைப்பயனே, அதுபற்றி மருந்து கொடாது வாளா இருப்பாரில்லை. வினையை ஊட்டுதல் இறைவன் தொழில். அதனைக் கைக்கொள்ள நமக்கு ஆணையில்லை. பொருள் வேட்கையால் அடிப்பவனுக்கும், களிப்பு வேட்கையாற் காசு கொடுத்துக் காண்பவனுக்கும் அச்செயல் ஆகாமியமாய் ஏறும் என்க.

கருவூரிற் பட்டத்து யானை சிவகாமியாண்டாரின் பூவைச் சிதறியபோது, எறிபத்தர் யானையையேயன்றி, அதனைத் தடாத பாகரையும் வீழ்த்தினார். புகழ்ச்சோழரோ, குற்றம் தம்மேலதெனக் கொண்டு, தம்மையும் கொல்லுமாறு தம் வாளை நீட்டினார். விலங்கின் பிழை உடையவனைச் சாருமாயின், விலங்கின் துன்பம் அவனைச் சாராதொழியுமோ?

இவ்வினா சர்க்கசுகாரரோடு நிற்பதன்று. காஞ்சிபுரத்து மடமொன்றைச் சார்ந்த மூன்று யானைகள் 2019-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த எம்.ஆர். பாளையம் யானைகள் மறுவாழ்வு மையத்திற்குச் சென்றன. கூடாரத்துச் சங்கிலியைப் பழிக்கும் நாம், கோயில் வாயிலிலும் மடத்து முன்றிலிலும் உள்ள சங்கிலியை மங்கலமென்று கண்மூடியிருத்தல் முறையாகாது. கூட்டமாய் வாழும் இயல்புடைய உயிரைத் தனியே கல்தரையிற் கட்டி நிறுத்துதல், எவ்விடத்தாயினும் துன்பமேயாம்.

திருவானைக்காவில் வழிபட்ட யானை நீரும் பூவும் தானே கொணர்ந்தது. அதனை அங்குசம் ஏவிற்றில்லை. பாகன் குத்தத் துதிக்கை தூக்கும் யானையின் செயலை வழிபாடென்று சொல்லுமுன், ஆனைக்கா அண்ணலின் திருமுன் நின்று நம் நெஞ்சை நாமே வினவிக்கொள்வோமாக.