வாயுள்ள நிரபராதி

வரன் பார்க்கும் இடத்தில் "பையன் ரொம்ப அப்பாவிங்க" என்று தரகர் சொன்னால் பெண் வீட்டில் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்கள். பெண்ணின் அம்மாவுக்கு நிம்மதி, மகளைக் கைநீட்டி அடிக்க மாட்டான். அண்ணனுக்குக் கவலை, சீட்டுக் கம்பெனிக்காரன் எவனாவது மொத்தச் சம்பளத்தையும் சுருட்டிவிடுவானே!

வெகுளி, வெள்ளந்தி, சூதுவாது தெரியாதவன், பச்ச மண்ணு, வாயில்லாப் பூச்சி என்று இந்த வகைக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. (பழந்தமிழில் வெகுளி என்றால் கோபம். வள்ளுவர் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். கோபம் எப்போது சூதறியாதவனின் பெயராக மாறியதோ, அது தனிக்கதை.) இத்தனை சொற்களும் ஆளின் சுபாவத்தைச் சொல்பவை. குறிப்பிட்ட ஒரு காரியத்தை அவர் செய்யவில்லை என்று மட்டும் சொல்வதற்கு நிரபராதி என்று ஒரு சொல் இருக்கிறது. அது கோர்ட் படியைத் தாண்டி வெளியே வருவது அபூர்வம். வீட்டிலும் தெருவிலும் ஒருவர் மேல் பழி விழுந்தால், செய்தாரா என்பதற்கு முன்னால் "ஆள் எப்படி?" என்றுதான் விசாரிக்கிறோம்.

சினிமாவும் நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. 1991-ல் வந்த 'சின்னத்தம்பி'யில் தாலியின் அர்த்தமே தெரியாமல் நாயகி கழுத்தில் அதைக் கட்டிவிடும் நாயகனை ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். அதே ஏழைப் பையன் தெரிந்தே கட்டியிருந்தால்? காதலில் குற்றமொன்றும் இல்லைதான். ஆனால் தியேட்டரில் அத்தனை கைத்தட்டல் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போனது. அங்கே இரண்டு பெண்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். சமையல் செய்பவர் தலைநிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பாத்திரம் தேய்த்து வீடு துடைப்பவர் நேரெதிர். ஒன்றாம் தேதி சம்பளம் வராவிட்டால் இரண்டாம் தேதி காலையிலேயே கேட்டுவிடுவார். தீபாவளிப் புடவையைக் கையில் வாங்கியதும் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "போன வருஷத்தது இதவிடப் பரவால்லம்மா" என்பார். மோதிரம் போன அன்று அந்த வீட்டில் யாரும் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. சமையல்காரப் பெண்ணைப் பற்றி "அது பாவம், வாயில்லாப் பூச்சி" என்றார்கள், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது ஒருவர். அவர் எதிரே பீரோ திறக்கப்படவில்லை. அவருடைய கைப்பை மட்டும் திறந்து பார்க்கப்பட்டது.

சில வாரம் கழித்து வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்காமல் நின்று, மெக்கானிக் அடிப்பக்கம் கழற்றியபோது சில்லறைக் காசு, ஹேர்பின்னோடு மோதிரமும் வந்து விழுந்தது. வீட்டுக்காரம்மா சொன்ன சமாதானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சரி விடு, இந்தத் தடவை நீ இல்ல."

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை அதன் பிறகு எடுத்துப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பழி விழுந்த கோவலனைக் கொல்லப் போன காவலர்களே முதலில் தயங்குகிறார்கள். ஆளைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பழி சுமத்திய பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டுத் துணைகளை அடுக்கி, கைதேர்ந்த கள்வனின் சாமர்த்தியங்களை விரித்துச் சொல்கிறான். முகம் பார்த்துத் தயங்கியவர்களிடம் அந்தப் பேச்சுக்குப் பதில் இல்லை. முகத்தைப் பார்த்து விட்டுவிடலாம் என்றால், அதே முகத்தைப் பார்த்து 'நல்லா நடிக்கிறான்' என்றும் சொல்லலாம் அல்லவா? அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்லாத, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கோவலன் அப்பாவியும் இல்லை. மாதவியோடு வாழ்ந்து குடும்பச் செல்வத்தைக் கரைத்தவன். புகார் நகரில் அது ரகசியமல்ல. பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரையும் கணவனின் குலத்தையும் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அரசன். அங்கே அவள் 'என் கணவர் உத்தமர்' என்று ஆரம்பித்திருந்தால் வழக்கு அன்றே தோற்றிருக்கும். அவள் பேசியது சிலம்பின் பரலைப் பற்றி. தன்னுடையதில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் முத்து என்று அரசனே சொல்கிறான். கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பை அவள் உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. கோவலன் நல்லவனா என்ற விசாரணை அந்த அவையில் நடக்கவே இல்லை. காப்பியத்தில் எனக்கு மிகவும் பிடித்த சட்ட அறிவு இதுதான்.

இன்றைய நீதிமன்றமும் கொள்கையளவில் பரலைத்தான் கேட்கிறது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு நாம் சும்மா இருப்பதில்லை. சாட்சி பிறழ்ந்து விடுதலை, சந்தேகத்தின் பலனில் விடுதலை, மரியாதையான விடுதலை என்று ரகம் பிரிக்கிறோம். கடைசிச் சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே கிடையாது, தீர்ப்புகளின் வழியே உருவான பிரயோகம் அது என்று தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சொல்லிவிட்டு, அந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். காவலர் வேலையில் கவனமாக இருக்க வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் "இந்தத் தடவை நீ இல்ல" என்ற குரல்தான் அந்த விதியில் எனக்குக் கேட்கிறது.

தீர்ப்புவரை போகாதவர்கள் கதை இன்னும் மோசம். 2022 இறுதிக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் யார் செய்தார், யார் செய்யவில்லை என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. தெரு முடிவு செய்துவிடும். 'ஜெயிலுக்குப் போய்வந்தவன்' என்ற பட்டத்துக்குத் தீர்ப்பு நகல் யாரும் கேட்பதில்லை. சாதுவான ஆளாக இருந்தால் "பாவம், மாட்டிக்கிட்டான்" என்றாவது சொல்வார்கள். முன்பே ஒரு அடிதடி வழக்கு இருந்துவிட்டால், அல்லது யூனியனில் சத்தம் போடுபவராக இருந்துவிட்டால், அதுவும் கிடைக்காது.

பாத்திரம் தேய்க்கும் அந்த அக்கா மோதிரம் கிடைத்த மாதமே அந்த வீட்டை விட்டு நின்றுவிட்டார். இப்போது எங்கள் மாடியிலேயே வேறொரு வீட்டில். சேர்ந்த முதல் நாளே வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "பீரோவ பூட்டி சாவிய உங்க கைல வெச்சுக்கங்கம்மா. நாளைக்கு ஒண்ணு காணோம்னா என் வாயிதான் எல்லாருக்கும் மொதல்ல ஞாபகம் வரும்" என்றாராம். அதே மூச்சில், தேய்க்கிற நார் சரியில்லை, வேறு வாங்கி வையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.