பசுமையாய் இருக்கும்போதே

ஜப்பானில், ஷிகோகு தீவின் தகமாட்சு நகரிலுள்ள ரிட்சுரின் பூங்காவில், ஒரு டிசம்பர் மாதக் காலையில், ஏணிமேல் நின்ற தோட்டக்காரர் பைன் மரத்திலிருந்து பறித்துப் போட்ட ஊசியிலைகளில் ஒரு ஜோடி என் முன்னே விழ, அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை அன்றுமுதல் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

அந்த வேலைக்கு மோமியகே என்று பெயர். கரும்பைனிலும் செம்பைனிலும் இலைகள் ஒரே உறைக்குள் இரண்டிரண்டாகப் பிறக்கின்றன. வளர்ச்சி ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில், அந்த ஆண்டின் இலைகளை நிறுத்திவிட்டு, முந்தைய ஆண்டின் இலைகளை விரலாலேயே உருவி எடுக்கிறார்கள். கத்தரித்தால் வெட்டுவாய் பழுத்துப்போகும் என்பதால் கத்தரிக்கோல் படுவதில்லை. 1745-இல் பூர்த்தியான அந்தப் பூங்காவில் ஏறத்தாழ 1,400 பைன் மரங்கள் உண்டு; அவற்றில் சுமார் 1,000 மரங்கள் இவ்வாறு மனிதக் கைகளின் பராமரிப்பிலேயே உருவம் பெற்று நிற்கின்றன. உள்கிளைகளுக்கு வெயிலும் காற்றும் எட்டாவிட்டால் அங்குள்ள மொட்டுகள் நிழலில் மடிந்துவிடும். மொட்டையாகிப்போன முதிர்கிளையில் பைன் மீண்டும் எளிதில் துளிர்ப்பதில்லை. ஆகவே பலம் மிகுந்த உச்சியில் அதிகமாகவும், நலிந்த தாழ்கிளைகளில் குறைவாகவும் பறிக்கிறார்கள். இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயினும், விட்டிருந்தால் ஓரிரு ஆண்டுகளில் தானே பழுத்து உதிரப்போகும் இலையை, உயிரோடிருக்கையிலேயே எடுப்பானேன்?

சிறுவயதில் இதே கேள்வியை என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். பனி விலகும் நாட்களில் கொல்லை மல்லிகைச் செடியின் இலைகளை அவள் கைநிறைய உருவிப் போடுவாள். "நல்ல இலையை ஏன் பாட்டி பறிக்கிறே?" என்றால், "இலை அடைச்சிண்டிருந்தா பூ எங்கேடா வரும்?" என்பாள். சித்திரையில் செடி பூத்துச் சொரியும்போது அவள் சொன்னது நிரூபணமாகிவிடும். பைன் மரத்துக்கோ அப்படியொரு பிரதிபலன் இல்லை; உள்ளே இருப்பது சாகாமல் இருக்கிறது, அவ்வளவே.

எப்போதோ படித்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. தாகூரின் நண்பரான ஒககுரா, 1906-இல் வெளிவந்த தம் தேநீர் நூலில், ரிக்யூ என்னும் தேநீர் ஆசாரியரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். மகன் ஒரு சருகும் இல்லாமல் பெருக்கிய தோட்டத்திலே இறங்கி, ஆசாரியர் ஒரு மரத்தைப் பிடித்து உலுக்கி, இலைகளைப் பாதையெங்கும் உதிர்த்தாராம். உதிர்வதன் அழகை அவ்வளவு போற்றிய தேசத்திலேயே, உதிராததை உருவியெடுக்கும் தொழிலும் அவ்வளவு சிரத்தையோடு நடந்து வருகிறது. இவ்விரண்டும் முரணானவையா, ஒரே ஞானத்தின் இரு பக்கங்களா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

உத்தியோகம், கீர்த்தி, ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் ஊறிப்போன அபிப்பிராயங்கள் என்று மனிதன் சுமப்பவற்றில் பல, பழுத்து விழும்வரை அவனிடமே இருக்கின்றன. அவற்றின் நிழலில் உள்ளே எவ்வெவை மடிந்தன என்பதை அவன் அறிவதில்லை. பசுமையாய் இருக்கும்போதே விடுவது விவேகம் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. ஆனால் மரத்திலே புதிய இலை துளிரின் நுனியிலும் பழைய இலை அதற்குக் கீழேயும் பிரிந்து நிற்கின்றன; பார்த்துப் பறிக்க வெளியே ஒருவர் இருக்கிறார். நம் பற்றுகளில் பழையதும் புதியதும் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. பறிக்கும் கையும் நம்முடையதே. தவறாகப் பறித்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு என்னிடம் விடை இல்லை. அன்பர்களில் எவரேனும், பசுமையாய் இருந்த ஒன்றைத் தாமே விட்டுப் பார்த்தவராயின், அது நன்மையாய் முடிந்ததா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.